காகங்கள் பறக்கும் கோதுமை வயல்

ஓவியன் ஒருவனின் வாழ்க்கை முடிவை முன்னரே அறிந்துகொண்டு அவன் ஓவியத்தை நோக்குவார்க்கு இடர் ஒன்று உண்டு. முடிவை அறிந்த கண் அம்முடிவையே ஓவியம் முழுவதிலும் தேடித் திரியும். தேடியதைக் கண்டும் தீரும். வண்ணத்திற் கருமை தோன்றினால் அது சாவின் கருமையாகும். வழியொன்று வளைந்து மறைந்தால் அது வாழ்க்கை வழியின் முடிவாகும். இவ்வாறு நோக்கப்பட்ட ஓவியங்களுள் முதலிடம் பெறத்தக்கது, ஒல்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ற் வான் கோ 1890ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வரைந்த 'காகங்கள் பறக்கும் கோதுமை வயல்' என்பதாகும். இன்று அது அம்ஸ்ரர்டாம் நகரிலுள்ள வான் கோ அரும்பொருட்சாலையில் இருக்கின்றது.

இவ்வோவியத்தைப் பற்றி உலகெங்கும் பரவியுள்ள கதை சுருக்கமானது. இதுவே வான் கோ வரைந்த இறுதி ஓவியம். இதனைத் தீட்டி முடித்த கையோடு அவ்வயலிலேயே அவர் தம்மைச் சுட்டுக்கொண்டார். காகங்கள் யமனின் தூதுவர். நடுவழி முடிவுறும் இடம் அவர் ஆயுள் முடிவுறும் இடம். இக்கதையைப் பரப்பியதிற் பெரும்பங்கு, இர்விங் ஸ்ரோன் என்பார் 1934இல் எழுதிய நாவலைத் தழுவி 1956இல் வெளிவந்த திரைப்படத்திற்கு உரியது. கதை அழகியது, நினைவில் எளிதில் நிற்பது. ஆயினும் அதன் முதற் கூற்றே உண்மையன்று. முதற் கூற்றுத் தவறாயின் அதன்மேற் கட்டிய பிற கூற்றுக்கள் எந்த அளவிற்கு நிற்கும் என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஆராய்ச்சிக்கு முன்னர் ஓவியத்தையே நோக்குதல் தகும். உயரம் ஏறத்தாழ 50 சென்றிமீற்றர். அகலம் 103 சென்றிமீற்றர். அஃதாவது இரு சதுரங்களை அருகருகே வைத்தாற் போன்ற நீண்ட வடிவம். இவ்வளவு அகன்ற ஓவியத்தை ஒரே பார்வையிற் பற்றுதல் இயலாது. கண் இடப்புறமிருந்து வலப்புறமாகவோ, வலமிருந்து இடமாகவோ நடந்தே தீர வேண்டும். மேற்பகுதி வானம். உச்சியில் ஏறக்குறையக் கருமை எய்திய நீலம். அதனூடே வெளிறிய நீலச் சுழல்கள் இரண்டு மேகம் போலத் தோன்றுகின்றன. அவை மேகமோ, ஒளியோ என்று துணிதல் கடினம். கீழே வயல். முற்றி விளைந்த கோதுமையின் மஞ்சளும் செம்மஞ்சளும் குறுகிய தடித்த கோடுகளாக ஒன்றன்மேலொன்று விழுந்து, காற்றுக்கு ஒருபுறம் சாய்ந்தும் மறுபுறம் எதிர்த்தும் நிற்கின்றன. வயலிடையே செம்மண் நிற வழிகள் மூன்று. இடப்புற வழி இடவிளிம்பில் ஓவியத்தை விட்டு வெளியேறுகின்றது. வலப்புற வழி வலவிளிம்பில் வெளியேறுகின்றது. நடுவழி மட்டுமே வயலினுள் நுழைகின்றது; நுழைந்து, வளைந்து, அடிவானத்தை எட்டாமலே பயிரிடை மறைகின்றது. வழிகளின் ஓரங்களிற் பசும்புல்.

காகங்களோ, கருவண்ணத்தில் இரு தூரிகைத் தீற்றுக்கள், அவ்வளவே. கண் இல்லை, அலகு இல்லை. வலப்புறத்திற் கூட்டமாகவும் இடப்புறத்திற் சிதறியும் அவை பறக்கின்றன. அவை ஓவியத்தை நோக்குவாரை நெருங்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா? ஓவியம் விடை தரவில்லை. எத்தனை முறை நோக்கினும் இரண்டும் பொருந்தும். 'வருகின்றன' என்று ஐயமின்றிக் கூறுவார் அவ்விடையை ஓவியத்திலிருந்து பெறவில்லை. வான் கோவின் மரணச் செய்தியிலிருந்தே பெற்றனர்.

மனிதன் ஒருவன் இல்லை, வீடு இல்லை, மரமும் இல்லை. இவ்வின்மை கருதத்தக்கது. வான் கோ உழவரையும் நெசவாளரையும் விதைப்போரையும் அறுப்போரையும் இடையறாது வரைந்தவர். அவர் வயல்களிற் பெரும்பாலும் யாரேனும் ஒருவர் குனிந்து நிற்பர். இவ்வயலில் நிற்பவர் நோக்குபவரே. மூவழியும் கூடும் இடம் அவருடைய காலடி.

அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் மேயர் ஷப்பிரோ 1946இல் எழுதிய கட்டுரையில் இவ்விடத்தையே கருவாகக் கொண்டார். ஓவியத்திற் சேய்மையைக் காட்டும் கோடுகள் பொதுவாக நோக்குபவரிடமிருந்து புறப்பட்டு அடிவானத்தில் ஒரு புள்ளியிற் கூடும். தண்டவாளம் தொலைவிற் குறுகிச் சேர்வது போன்று. இவ்வோவியத்தில் அம்முறை தலைகீழாகின்றது. வயலும் வழிகளும் அகன்ற தொலைவிலிருந்து நோக்குபவரை நோக்கியே குவிந்து வருகின்றன என்றும், அதனால் கண் செல்லுமிடம் அறியாது திகைக்கின்றது என்றும் அவர் காட்டினார். இது ஓவியத்திலிருந்தே எழுந்த விளக்கம், ஆதலால் மதிப்பிற்குரியது. அடுத்த ஆண்டு, 1947இல், பிரெஞ்சு எழுத்தாளர் அந்தோனன் ஆர்த்தோ இக்காகங்களைப் பற்றி உணர்ச்சி பொங்க எழுதினார். ஆர்த்தோ தாமே மனநோய் மருத்துவமனைகளிற் பல்லாண்டு அடைபட்டிருந்தவர். சமுதாயமே வான் கோவைக் கொன்றது என்பது அவர் வாதம். அந்நூலை வான் கோவை அறிதற் பொருட்டன்றி ஆர்த்தோவை அறிதற் பொருட்டுப் படித்தலே பொருத்தமாகும்.

இனி, ஓவியரின் உளநிலை. வான் கோ 1853ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் ஒல்லாந்தில் சமயபோதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1888 திசெம்பரில் தென் பிரான்சிலுள்ள ஆர்ல் நகரில் அவருக்கு முதற் பெரும் மனக்குழப்பம் நேர்ந்தது; காதை அறுத்துக்கொண்ட செய்தி யாவரும் அறிந்ததே. 1889 மே முதல் 1890 மே வரை சென் றெமியிலுள்ள மனநோய் மருத்துவமனையில் தம் விருப்பின்படியே தங்கினார். அங்கிருந்த வைத்தியர் அந்நோயைக் காக்கைவலிப்பின் ஒரு வகை என்று கருதினார். நோய் இடைவிட்டு வந்தது. வந்த நாட்களிற் பெரும்பாலும் அவராற் பணி செய்ய இயலவில்லை. விட்ட நாட்களில் தெளிந்த அறிவோடு வரைந்தார். வான் கோவின் ஓவியங்களைப் பித்தின் விளைவு என்பார் இதனை மறந்து விடுகின்றனர். அவை பித்து வராத நாட்களின் விளைவு.

1890 மே 20ஆம் நாள் அவர் பாரிசுக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் உவாசு ஆற்றங்கரையிலுள்ள ஓவேர் என்னும் ஊருக்கு வந்தார். றாவூ என்பவரின் விடுதியில் மேன்மாடத்துச் சிற்றறை ஒன்றில் வாசம். கலையார்வம் மிக்க வைத்தியர் காஷே அவ்வூரில் இருந்தார். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ எழுபது நாட்களில் எழுபதுக்கு மேற்பட்ட வண்ண ஓவியங்களை முடித்தார். நாளுக்கொன்று என்ற கணக்கில் வரைபவர் ஒவ்வொன்றிலும் தம் மரணசாசனத்தை எழுதினார் என்று கொள்ளுதல் எளிதன்று.

யூலை 6ஆம் நாள் அவர் பாரிசு சென்று தம்பி தியோவின் வீட்டிற் சில மணி நேரம் தங்கினார். அந்நாள் இனிதாக அமையவில்லை. தியோ தாம் பணிபுரிந்த ஓவிய வணிக நிலையத்தை விட்டு விலகித் தனியே தொழில் தொடங்க எண்ணிக் கலங்கியிருந்தார். தமையனின் பெயரே சூட்டப்பெற்றிருந்த குழந்தை, பிறந்து ஐந்து மாதமே ஆகியது, நோயுற்றுத் தேறி வந்தது. வான் கோ வாழ்ந்தது தியோ அனுப்பிய பணத்தில். தாம் அவ்வீட்டிற்குச் சுமையாகின்றாரோ என்னும் அச்சம் அவரைப் பற்றியது. யூலை 10ஆம் நாளை அண்டித் தியோவுக்கும் அவர் மனைவிக்கும் எழுதிய கடிதத்தில், அக்குடும்பத்தைத் தாக்கும் புயல் தம்மையும் தாக்குகின்றது என்றும், தம் வாழ்வு வேரிலேயே தாக்குண்டு நடை தளர்கின்றது என்றும் குறிப்பிட்டார்.

அக்கடிதத்திலேயே இவ்வோவியத்தை விளங்குதற்குரிய திறவுகோல் இருக்கின்றது. ஊர் திரும்பிய பின்னர்ப் பெரிய ஓவியங்கள் மூன்றை வரைந்ததாகக் கூறும் வான் கோ, அவற்றுள் இரண்டு கலங்கிய வானின் கீழ்ப் பரந்து கிடக்கும் கோதுமை வயல்கள் என்றும், துயரத்தையும் மிகுந்த தனிமையையும் வெளிப்படுத்தத் தாம் தயங்காது முயன்றதாகவும் எழுதினார். அவ்விரண்டுள் ஒன்று காகங்கள் பறக்கும் வயல் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. துயரம், தனிமை என்னும் இவ்விரு சொற்களையும் எடுத்தாளாத நூல் இல்லை. ஆனால், அதனையடுத்து எழுதியதைப் பலர் விட்டுவிடுகின்றனர். சொல்லாற் கூற முடியாத ஒன்றை, நாட்டுப்புறத்தில் தாம் காணும் நலத்தையும் உரத்தையும், அவ்வோவியங்கள் தியோவுக்குக் கூறும் என்று அவர் நம்பினார். விரைவில் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டு வர விரும்புவதாகவும் தெரிவித்தார்.

துயரமும் உரமும் ஒரே வயலில் எவ்வாறு நிற்கும்? இவ்வினாவை நேரே எதிர்கொள்ளாத விளக்கம் அரை விளக்கமாகும். விடையை வான் கோவின் முந்திய ஓவியம் ஒன்று தருகின்றது. சென் றெமி மருத்துவமனையில் தம் அறைச் சாளரத்தினூடே கண்ட மதில் சூழ்ந்த வயலிற் கதிர் அறுப்பவன் ஒருவனை அவர் 1889இல் வரைந்தார். அவ்வறுப்பவன் சாவின் உருவம் என்றும், மானிடர் அறுவடையாகும் கதிர் என்றும் தியோவுக்கு எழுதியவர், அச்சாவில் துயரம் சிறிதும் இல்லை, பொன்னொளி பரப்பும் ஞாயிற்றின் முன்னே பட்டப்பகலில் அது நிகழ்கின்றது என்றும் சேர்த்துக்கொண்டார். உழவர் பிள்ளைகளிடையே வளர்ந்து, விவிலியத்தைப் போதிக்கப் புறப்பட்டு, அப்பணி கைகூடாமற் போன ஒருவருக்குக் கோதுமை வெறும் பயிரன்று. விதைப்பு, விளைவு, அறுப்பு, உணவு என்னும் சுழற்சி முழுவதும் அதில் அடங்கும். எனவே, துயருற்றபோது அவர் கோதுமை வயலுக்குச் சென்றது துயரத்தை வளர்ப்பதற்கன்று. அதனைத் தாங்குவதற்கு என்று கொள்ளுதலே அவர் சொற்களுக்கு இயைபுடையது.

ஓவியத்தின் வண்ணங்களும் இதற்குச் சான்று. நீலத்தை எதிர்த்து மஞ்சளும் செம்மஞ்சளும், சிவந்த வழியை எதிர்த்துப் பச்சையும் நிற்கின்றன. ஒன்றையொன்று மிகுவிக்கும் எதிர் நிறங்களின் இயல்பை வான் கோ 1880களின் நடுப்பகுதியிலிருந்தே நூல்களிற் கற்று, பல ஓவியங்களிற் பயின்று, கடிதங்களில் விரித்து எழுதியவர். வெறி கொண்ட கை தற்செயலாக இவ்விரு சோடிகளையும் இவ்வாறு நிறுத்தாது. இரு சதுர வடிவமும் திட்டமிட்டுக் கொண்டதே. ஓவேரில் அவர் இவ்வடிவிற் பன்னிரண்டுக்குக் குறையாத ஓவியங்களை வரைந்தார். அவ்வூரில் வாழ்ந்து 1878இல் மறைந்த தோபினி என்னும் இயற்கைக் காட்சி ஓவியரும் இத்தகைய அகன்ற வடிவை விரும்பிக் கையாண்டவர். அவரிடம் வான் கோவுக்குப் பெருமதிப்பு இருந்தது. கடிதத்திற் குறித்த மூன்றாவது ஓவியமே தோபினியின் தோட்டம்தான்.

நிலத்தின் வழியே உள்ளத்தைக் காட்டுதல் தமிழ் படித்தோர்க்குப் புதிதன்று. நெய்தல் நிலத்திற்கு இரங்கல் உரியது என்ப. ஆயினும், ஐங்குறுநூற்றில் நெய்தற்றிணைப் பாடல்கள் நூறு பாடிய அம்மூவனார் அந்நூறு பாடல்களையும் கண்ணீரோடு பாடினார் என எவரும் கூறுவதில்லை. இரங்கல் பாட்டினது, பாடியவரின் கைத்திறன் வேறு. ஐரோப்பிய ஓவியர் நிலை இதனின் வேறுபட்டது என்பது மெய்யே. வான் கோ தம் சொந்தத் துயரத்தையே வயலில் ஏற்றினார். எனினும், உணர்ந்ததை வெளியிட முயலுதல் என்பதே உணர்ச்சிக்குச் சற்று விலகி நின்று வண்ணம் தேர்தல், அளவு தேர்தல், எதை வரைவது எதை விடுவது எனத் துணிதல் ஆகியவற்றை வேண்டுவது. துயரத்தில் அமிழ்ந்தவன் துயரத்தை வரையான். அதனினின்று தலையை உயர்த்தியவனே வரைவான்.

ஏறத்தாழ அதே அளவில் அவர் வரைந்த மற்றைய வயலோவியம் 'இடிமுகில் வானின் கீழ்க் கோதுமை வயல்' எனப்படும். கடிதத்திற் குறித்த இரு வயல்களில் மற்றையது இதுவே என்பர். அதிற் காகம் இல்லை, வழியும் இல்லை. பச்சை வயலும் நீல வானும் இரு பட்டைகளாகக் கிடக்கின்றன. அத்துணை அமைதியான ஓவியத்தைப் பார்த்து எவரும் தற்கொலை என்று கூறார். ஆனால், துயரம், தனிமை என்னும் சொற்கள் இரண்டுக்கும் ஒருங்கே உரியவை. ஒன்று மட்டும் உலகப்புகழ் எய்தியமைக்குக் காரணம் காகங்கள் எனல் மிகையாகாது. அதே யூலை நடுப்பகுதியில் தாய்க்கும் தங்கைக்கும் எழுதிய கடிதத்தில், கடல் போல் எல்லையற்றுப் பரந்த வயல்வெளியில் தாம் ஆழ்ந்திருப்பதாகவும், அதனை வரைதற்கு வேண்டிய அமைதி மிகுதியாகவே தம்மிடம் உள்ளதாகவும் வான் கோ கூறினார். தாயின் மனம் நோகாதிருத்தற் பொருட்டு அவ்வாறு எழுதினார் எனலாம். ஆனால், தியோவுக்கு எழுதியது மட்டும் உண்மை, தாய்க்கு எழுதியது பொய் எனப் பகுப்பதற்குச் சான்று யாது?

காகங்கள் பறக்கும் வயலில் கோதுமை இன்னும் அறுக்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அதன் பின்னர், அறுத்துக் கட்டிய கோதுமைக் கட்டுக்கள் நிற்கும் வயலையும் அவர் வரைந்திருக்கின்றார். யூலை 23ஆம் நாள் தியோவுக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் வண்ணங்கள் வாங்கியனுப்புமாறு பட்டியல் ஒன்று உண்டு. அதே விடுதியில் தங்கியிருந்த இளம் ஒல்லாந்து ஓவியர் ஒருவருக்கும் சேர்த்தே கேட்டிருந்தார். வண்ணம் கேட்டவர் சாவைச் சிறிதும் எண்ணியிரார் என்று இதனால் முடிவு கட்டுதலும் முன்னைத் தவற்றின் மறுபுறமே. மனிதன் நாளைக்கு வேண்டியதை ஆயத்தம் செய்துகொண்டே நாளையை வெறுக்கவும் வல்லவன். நான்கு நாட்களின் பின், யூலை 27ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அவர் தம்மைச் சுட்டுக்கொண்டு காயத்தோடு விடுதிக்குத் திரும்பினார். மறுநாள் தியோ வந்து சேர்ந்தார். 29ஆம் நாள் அதிகாலையில் தம்பி அருகிருக்க வான் கோவின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 37. ஆறு மாதத்துள், 1891 சனவரி 25இல், தியோவும் மறைந்தார்.

அவ்வாறாயின் இறுதி ஓவியம் எது? தியோவின் மைத்துனர் அந்திரீஸ் பொங்கர் 1893இல் எழுதிய குறிப்பொன்றில், இறப்பதற்கு முன்னைக் காலையில் வான் கோ வெயிலும் உயிர்ப்பும் நிறைந்த மரச்செறிவு ஒன்றை வரைந்ததாகக் கூறினார். அது 'மரவேர்கள்' என்னும் முற்றுப்பெறாத ஓவியமே என்று வான் கோ அரும்பொருட்சாலை ஆய்வாளர் 2012இல் நிறுவினர். 2020இல் வூட்டர் வான் டெர் வேன் என்னும் ஆய்வாளர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அஞ்சலட்டைப் படம் ஒன்றில் அவ்வேர்களை அடையாளங் கண்டார். விடுதிக்கு மிக அண்மையில், தெருவோரத்து மேட்டில் அவை இருந்தன. ஓவியத்தில் விழும் ஒளி பிற்பகலுக்குரியது என்றும், அந்த ஞாயிற்றுக்கிழமையின் பெரும்பகுதியை வான் கோ அவ்வேர்களைத் தீட்டுவதிலேயே கழித்திருத்தல் வேண்டும் என்றும் அவர் கருதினார்.

அதுவும் இரு சதுர வடிவினதே. நீலமும் பச்சையும் மஞ்சளும் முடிச்சு முடிச்சாகப் பின்னிக் கிடக்கும் அவ்வோவியத்தில் முதலில் வேர் எது, மண் எது என்றே தெரிவதில்லை. வாழ்வு வேரிலே தாக்குண்டது என்று அவர் எழுதியதை நினைவிற் கொண்டு, காகங்களைக் கைவிட்டவர் இனி இவ்வேர்களிற் சாவைக் காண முற்படுவர். சிலர் முற்பட்டும் விட்டனர். ஆனால் வான் கோ வேர்களை வரைந்தது அதுவே முதன்முறையன்று. 1882இல், ஓவியம் பயிலத் தொடங்கிய காலத்தில், ஹேக் நகரில், புயலாற் பாதி பிடுங்கப்பட்டும் மணல் நிலத்தை இறுகப் பற்றி நிற்கும் வேர்களை அவர் வரைந்தார். உயிர் வாழ்தற்கு நடத்தும் போராட்டத்தை அவ்வேர்களிற் காட்ட முயன்றதாக அப்போது தியோவுக்கு எழுதினார்.